செவ்வாய்க்கிழமைக் காற்று

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் லேக் யூனியன் என்றொரு ஏரி. அங்கே நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் எல்லா விதிகளுக்கும் மேலான விதி வாத்துகளைப் பற்றியது. நீந்திக்கொண்டிருக்கும் வாத்து ஒன்று படகைக் கண்டு தன் போக்கை மாற்றிக்கொண்டால், அந்தப் படகு போட்டியிலிருந்து நீக்கப்படும். 'டக் டாட்ஜ்' என்ற பெயரே இந்த விதியிலிருந்து பிறந்ததுதான். 1974இல் சில நண்பர்கள் தொடங்கிய இந்தப் போட்டி, கோடை மாதங்களில் செவ்வாய்க்கிழமைதோறும் மாலை 7 மணிக்கு நடக்கிறது. பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட மெல்லிய படகுகளும், குடும்பத்தோடு சுற்றிவருவதற்கான கனத்த படகுகளும், இரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் சிறு ஓடங்களும் வேகத்துக்கேற்பப் பிரிக்கப்பட்டு, பிரிவு பிரிவாகக் கிளம்புகின்றன. வாரத்துக்கொரு வேடம் உண்டு. வேடமிட்டவர்கள் விளையாட்டாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. தொடக்கக் கோட்டை நெருங்கியதும் எல்லோர் முகத்திலும் ஒரே தீவிரம் வந்துவிடுகிறது.

ஏரி சிறியது. ஏறத்தாழ 235 ஹெக்டேர் பரப்பு, ஆழமான இடத்தில் 15 மீட்டர். ஆனால் அதைச் சுற்றி நிற்பவை சிறியவையல்ல. தென்கரையை ஒட்டிய பகுதிக்கு 2010 முதல் அமேசான் தன் அலுவலகங்களைக் கொண்டுவந்தது. வடமேற்கில், ஏரியைக் கடலோடு இணைக்கும் கால்வாயின் கரையில், கூகுளுக்கும் அடோபிக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தலைமையகம் லேக் வாஷிங்டன் ஏரிக்கு அப்பால், காரில் போகும் தூரம்தான். தமிழ்நாட்டிலிருந்து போன பொறியாளர்கள் ஏராளமானோர் வேலை பார்க்கும் ஊர் இது. உலகத்தின் கைகளில் இருக்கும் திரைகளில் என்ன ஓட வேண்டும் என்பதில் ஒரு கணிசமான பகுதி இந்த ஏரியைச் சுற்றித் தீர்மானமாகிறது. அதே ஏரியின் நடுவில், வாரத்தில் ஒரு மாலை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காற்றைப் பார்த்தபடி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது.

இது சியாட்டிலுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவிலும் மேரிலாந்தின் அனாபொலிஸிலும் புதன்கிழமை மாலைகள் படகுகளுக்குரியவை. ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில் கோடை அந்திகளில் பாய்கள் நிறைந்திருக்கும். எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றுதான். எட்டு, ஒன்பது மணி நேரம் வேலை செய்து களைத்த ஒருவர், ஏன் இன்னொரு வேலைக்குப் போகிறார்? பாய்மரப் படகு ஓட்டுவது ஓய்வாகத் தெரிவதில்லை. கயிறு கையை அறுக்கும். தண்ணீர் மேலே அடிக்கும். ஒருவர் கத்துவார், இன்னொருவர் குனிவார், மூன்றாமவர் படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுவார். அத்தனையும் முடிந்து கரையேறுபவர், போனபோது இருந்ததைவிடத் தெளிவோடு வீடு திரும்புகிறார். சோபாவில் சாய்ந்து திரையைப் பார்த்த இரண்டு மணி நேரம் பெரும்பாலும் அதைத் தருவதில்லை.

வேலைக்குப் பிந்தைய நேரத்தில் மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருபவர் ஜெர்மன் உளவியலாளர் சபீன் சொன்னென்டாக். அவரும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007இல் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். மீட்சி தரும் அனுபவங்களை அது நான்காகப் பிரித்தது: வேலையிலிருந்து மனம் விலகுவது, உடலும் மனமும் தளர்வது, ஒரு திறமையில் தேறுவது, தன் நேரத்தைத் தானே ஆள்வது. பொதுவாக ஓய்வு என்று நாம் நினைப்பது இரண்டாவதை மட்டும்தான். மற்ற மூன்றும் அதற்குச் சமமாக எண்ணப்பட்டிருப்பதில்தான் இந்தப் பட்டியலின் மதிப்பு இருக்கிறது. மனம் விலகுவது என்றால் அலுவலகக் கட்டடத்தை விட்டு வெளியே வருவது அல்ல, வேலையை நினைக்காமல் இருப்பது. நினைக்காமல் இரு என்று மனத்துக்கு ஆணையிட்டால் அது கேட்பதில்லை என்பது தூக்கம் வராமல் புரண்டவர்களுக்கெல்லாம் தெரியும்.

கேட்காததற்குக் காரணமும் ஆராயப்பட்டிருக்கிறது. சியாட்டிலுக்குப் பக்கத்திலேயே, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாத்தெல் வளாகத்தில் பணியாற்றும் சோஃபி லெராய், 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது என்ன ஆகிறது என்று பார்த்தார். முதல் வேலை முடியாமல் நின்றிருந்தால், கவனத்தின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. ஆள் இடம் மாறியிருப்பார், மனத்தின் ஒரு கால் பழைய இடத்தில் ஊன்றியிருக்கும். அதை அவர் கவன எச்சம் என்றார். இன்றைய அலுவலக வேலையின் இயல்பே முடியாமல் இருப்பது. அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வரும், பதிலுக்குப் பதில் போகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், அலுவலகத்தில் மனிதர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் தொடர்ந்து நிலைக்கிறார்கள் என்று அளந்துவருகிறார். 2004இல் அது சராசரியாக இரண்டரை நிமிடம். 2012இல் 75 நொடி. பின்னர் வந்த அளவீடுகளில் 47 நொடி அளவுக்கு இறங்கிவிட்டது. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிய கவனத்தோடு, ஒவ்வொரு துண்டின் எச்சத்தையும் சுமந்துகொண்டு ஒருவர் மாலையில் வெளியே வருகிறார். அவரிடம் போய் "எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஓய்வெடு" என்று சொல்வதில் பயனில்லை. மறப்பதற்கு அவருக்கு வேறொன்று வேண்டும், அவரை முழுதாக எடுத்துக்கொள்ளும் ஒன்று.

படகு அதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுகிறது.

ஓட்டப்பந்தயத்தில் எல்லோரும் கோட்டில் அசையாமல் நிற்பார்கள், ஒலி கேட்டதும் ஓடுவார்கள். பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது, கோட்டில் நிற்க முடியாது. ஒரு மிதவைக்கும் போட்டியை நடத்தும் குழுவின் படகுக்கும் இடையே மனத்தால் இழுத்த கோடுதான் தொடக்கக் கோடு. பெரும்பாலான போட்டிகளில் 5 நிமிடத்துக்கு முன் முதல் ஒலி, பிறகு 4 நிமிடத்தில் ஒன்று, 1 நிமிடத்தில் ஒன்று. அந்த ஐந்து நிமிடமும் எல்லாப் படகுகளும் கோட்டுக்குப் பின்னால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சுற்றுகின்றன. இறுதி ஒலி எழும் நொடியில் முழு வேகத்தோடு கோட்டைத் தொட வேண்டும். ஒரு நொடி முன்னால் போனால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும், ஐந்து நொடி பிந்தினால் முன்னால் போனவர்களின் பாய்கள் கலைத்துவிட்ட காற்றில் தவிக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் கோட்டின் தூரத்தையும் தன் வேகத்தையும் பக்கத்துப் படகின் எண்ணத்தையும் ஒரே நேரத்தில் கணக்கிடுகிறார். ஒருவர் நொடிகளை உரக்கச் சொல்கிறார். முன்பாயை இழுத்துக் கட்டும் தாமான் கயிற்றைப் பிடித்திருப்பவர், இழு என்ற சொல்லுக்காக முதுகை வளைத்துக் காத்திருக்கிறார். படகின் முன்முனையான அணியத்தில் நிற்பவர் எதிரே வரும் படகைக் கையால் காட்டுகிறார். காற்றை வலப்புறமாக வாங்கி ஓடும் படகுக்கு, இடப்புறமாக வாங்கி ஓடும் படகு ஒதுங்கி வழிவிட வேண்டும். இந்த ஒரு விதி தெரியாமல் அந்தக் கூட்டத்துக்குள் யாரும் நுழைய முடியாது. மதியம் மூன்று மணிக்கு நடந்த கூட்டத்தில் மேலாளர் சொன்ன சொல்லுக்கு இந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே வர எந்தச் சந்தும் இல்லை.

கோட்டைத் தாண்டியதும் வேறொரு பார்வை தொடங்குகிறது. இப்போது பார்க்க வேண்டியது தண்ணீரை.

காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது பாடப்புத்தகத்தில் சரி, படகில் சரியல்ல. அமைதியான நீர்ப்பரப்பின் மேல் ஒரு காற்று வீச்சு இறங்கும்போது மிகச் சிறிய சிற்றலைகள் எழுகின்றன. ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 1.7 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், அதை மீண்டும் சமப்படுத்துவதில் புவியீர்ப்பைவிட நீரின் பரப்பு இழுவிசைக்கே பங்கு அதிகம். இந்தச் சிற்றலைகள் நீர்ப்பரப்பை ஆயிரக்கணக்கான சிறு சரிவுகளாக உடைத்துவிடுகின்றன. கண்ணாடியாகக் கிடந்த நீர் தொடுவானத்தின் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. உடைந்த பரப்போ உச்சிவானத்தின் மங்கிய நிறத்தையும் நீரின் ஆழத்தையும் காட்டுகிறது. எனவே காற்று விழுந்த இடம் கருத்துத் தெரிகிறது. இதில் இன்னொரு நுட்பம். பெரிய அலைகள் காற்று நின்ற பிறகும் நெடுந்தூரம் ஓடும். சிற்றலைகளை நீரின் பாகுத்தன்மை சில நொடிகளில் தின்றுவிடும். ஆகவே நீரில் தெரியும் கருந்திட்டு, சற்றுமுன் அடித்த காற்றின் தடமல்ல, இந்த நொடியில் அங்கே அடிக்கும் காற்று. படகிலிருப்பவர்கள் நூறு, இருநூறு மீட்டருக்கு அப்பால் அந்தத் திட்டைப் பார்த்து, அது வந்துசேர எத்தனை நொடி ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள்.

மதிப்பீடு தவறினால் படகே சொல்லிவிடும். காற்றின் விசை அதன் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது. 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் வீசிய காற்று திடீரென்று 12 நாட்டுக்கு ஏறினால், வேகம் ஒன்றரை மடங்குதான், பாயின் மேல் விழும் விசையோ இரண்டேகால் மடங்கு. படகு சாய்கிறது. எல்லோரும் காற்றுப் பக்க விளிம்புக்கு ஏறி, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்து தங்கள் எடையால் அதை நிமிர்த்துகிறார்கள். லேக் யூனியனில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. மேற்கில் குயீன் ஆன் குன்று, கிழக்கில் கேபிட்டல் ஹில், வடக்கே பழைய எரிவாயு ஆலையின் துருப்பிடித்த கோபுரங்களோடு கூடிய கேஸ் வொர்க்ஸ் பூங்காவும் அதன் மேடும். இவற்றின் மேலும் இடையிலும் புகுந்து வரும் காற்று ஒரே திசையில் நிலைப்பதில்லை. கருந்திட்டு ஒன்றை நம்பிக் கிழக்குக் கரைக்குப் போன படகு தேங்கி நிற்க, கடைசியில் வந்த படகு மேற்குக் கரையோரமாக நழுவி முன்னேறுவது இங்கே வழக்கமான காட்சி.

காற்று வரும் திசையை நோக்கியே இந்தப் படகுகள் போகின்றன என்பதை முதலில் காண்பவர்கள் நம்புவதில்லை. நேர் எதிராகப் போக முடியாது. ஆனால் காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வில் ஒரு பக்கம் ஓடி, பாய் மாற்றி மறுபக்கம் ஓடி, வளைந்து வளைந்து எதிர்க்காற்றில் ஏறலாம். வளைந்த பாயின் வெளிப்புறத்தில் காற்று விரைவாகப் பாய்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, பாய் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. விமானத்தின் இறக்கையை மேலே தூக்கும் அதே இயற்பியல்தான். அந்த இழுப்பின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். நீருக்கடியில், கீழ்முனையில் ஈயக் கனத்தோடு தொங்கும் ஏரா என்னும் அடிப்பலகை அதை மறுக்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட படகு, ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் நசுக்கும்போது வழுக்கி ஓடுவதைப் போல, முன்னால் மட்டுமே போக முடிகிறது.

முன்பாயும் பெரும்பாயும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதில் நெடுங்காலம் தவறான விளக்கம் ஒன்று உலவியது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் காற்று நெருங்கி வேகம் பிடித்து, பெரும்பாயின் இழுப்பைக் கூட்டுகிறது என்று படகோட்டும் நூல்கள் கற்பித்தன. 1970களின் தொடக்கத்தில் இதை உடைத்தவர் ஆர்வெல் ஜென்ட்ரி. டக்ளஸ் விமான நிறுவனத்திலும் பிறகு போயிங்கிலும் பணியாற்றிய காற்றியக்கவியல் பொறியாளர், தானே படகோட்டி. இடுக்கில் நுழைய வேண்டிய காற்றில் ஒரு பகுதி முன்பாயின் வெளிப்புறமாகத் திருப்பிவிடப்படுகிறது, ஆகவே முன்பாய்க்குத்தான் ஆதாயம், பெரும்பாயின் முன்விளிம்பில் காற்றோட்டம் பிய்ந்துபோகாமல் காக்கப்படுகிறது என்று அவர் காட்டினார். பாயின் முன்விளிம்பை ஒட்டி வரிசையாகச் சிறு நூல்களைக் கட்டிவிட்டால், அங்கே காற்று ஒட்டி ஓடுகிறதா பிய்கிறதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் பரப்பிய உத்தி. இன்றும் எந்தப் பாயிலும் கம்பளி நூலோ துணி நாடாவோ ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு பக்க நூல்களும் படிந்து பின்னோக்கிப் பறந்தால் பாய் சரியாக இருக்கிறது. உள்பக்க நூல் துடித்தால் படகு காற்றுக்கு மிக நெருங்கிவிட்டது. வெளிப்பக்க நூல் துடித்தால் மிக விலகிவிட்டது. ஜெட் விமானங்களை வடிவமைத்த அறிவு, கடைசியில் ஒரு சாண் நூலாகப் படகோட்டியின் கண்முன்னே ஆடுகிறது.

ஆகவே இந்த மாலைப் போட்டியைத் தொழில்நுட்பத்திலிருந்து தப்பித்தல் என்று சொல்வது பாதிதான் சரி. பாய்மரப் படகே ஒரு தொழில்நுட்பம், அதுவும் மனிதன் செய்தவற்றுள் மிக நீண்டகாலம் செம்மைப்படுத்தப்பட்டவற்றில் ஒன்று. வேறுபாடு அது கவனத்தை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. கைபேசி எங்கோ நடப்பதையும், நடந்ததையும், நடக்கக்கூடியதையும் இங்கே கொண்டுவந்து கொட்டும். கவனத்தைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்புவதே அதன் தொழில். படகு ஓரிடத்தையும் ஒரு நொடியையும் தவிர வேறெதையும் காட்டாது. சுக்கானை விரலளவு திருப்பினால் நூல் துடிக்கும், தாமானைச் சற்று இறுக்கினால் படகு சாயும். செய்கைக்கும் விளைவுக்கும் நடுவே காத்திருப்பு இல்லை. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களில் மலையேறிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் அறுவை மருத்துவர்களையும் விசாரித்து, தன்னை மறந்து செயலில் ஆழும் நிலைக்கு மூன்று தேவைகளைக் கண்டார். இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், விளைவு உடனுக்குடன் தெரிய வேண்டும், சவால் திறமைக்குச் சற்றே எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் படகு தானாகவே தந்துவிடும். மூன்றாவதைக் காற்று பார்த்துக்கொள்கிறது.

ஆனால் முழு நேரமும் இந்த உச்சத்திலேயே இருந்தால் அதுவே களைப்பாகிவிடும். போட்டியில் மிதவைகளுக்கு இடையே நீளமான ஓட்டங்கள் உண்டு. பாய் சரியாக நிற்கிறது, அடுத்த திருப்பத்துக்கு ஆறேழு நிமிடம் இருக்கிறது, விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு எடையாக இருப்பதைத் தவிர வேலையில்லை. கண் நீரின் மேலும் கரை மரங்களின் மேலும் திரிகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் காப்லானும் ஸ்டீஃபன் காப்லானும் 1989இல் எழுதிய நூலில் விரித்துரைத்த கோட்பாடு இங்கே பொருந்துகிறது. வலிந்து செலுத்தும் கவனம் களைக்கக்கூடியது. மேகம், அலை, இலையசைவு போன்றவை கவனத்தை மெல்ல ஈர்த்துக்கொள்ளும்போது, வலிந்து செலுத்தும் ஆற்றலுக்கு ஓய்வு கிடைக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மனும் ஜான் ஜோனிடஸும் ஸ்டீஃபன் காப்லானும் 2008இல் வெளியிட்ட சோதனையில், மரப் பூங்காவில் நடந்து வந்தவர்கள் எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வதில் முன்னைவிடத் தேறியிருந்தார்கள். நகரத் தெருவில் நடந்தவர்களுக்கு அந்தத் தேர்ச்சி கிடைக்கவில்லை. நடை இனித்ததா என்பதைப் பொறுத்து இந்தப் பலன் மாறவில்லை என்பது அதில் மிகச் சுவையான பகுதி. ஒரு படகுப் போட்டி இந்த இரண்டையும் மாற்றி மாற்றித் தருகிறது: மிதவையைச் சுற்றும்போது முழு மூழ்கல், நீண்ட ஓட்டத்தில் மெல்லிய ஈர்ப்பு. பூங்காவில் நடப்பவர் அலுவலகத்தை நினைத்துக்கொண்டே நடக்க முடியும். அடுத்த மிதவை வந்துகொண்டிருக்கும்போது அது கடினம்.

மன அழுத்தம் என்ற சொல்லையும் இங்கே கவனமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. தொடக்கக் கோட்டில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, கை வியர்க்கிறது. உடலைப் பொறுத்தவரை அதுவும் அழுத்தம்தான். அப்படியானால் அழுத்தத்தைத் தணிக்க இன்னோர் அழுத்தமா? நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஸ் ப்ராஸ்ஹாட்டும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் முன்வைத்த கருத்து இதற்கு விடை தருகிறது. உடலைத் தேய்ப்பது நெருக்கடி நேர்ந்த அந்தப் பத்து நிமிடம் மட்டுமல்ல, அதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் நீளும் கவலையும் அசைபோடலும். நெருக்கடி போய்விட்டாலும் மனம் அதை நடத்திக்கொண்டே இருப்பதால், இதயமும் சுரப்பிகளும் விழித்தபடியே இருக்கின்றன. போட்டியின் அழுத்தத்துக்கு ஒரு தொடக்க ஒலியும் ஒரு முடிவுக் கோடும் உண்டு. லெராயின் ஆய்விலும் இதற்கு இணையான ஒன்று கிடைத்தது. நேர நெருக்கடியோடு ஒரு வேலையை முடித்தவர்களே அதிலிருந்து மற்றவர்களைவிடச் சுத்தமாக விடுபட்டார்கள்.

இந்த விளையாட்டின் அமைப்பில் போற்றத்தக்க ஒன்று, தண்ணீரின் மேல் நடுவர் இல்லாதது. ஒரு சில உயர்மட்டப் போட்டிகளை விட்டால், விதி மீறியவர் தாமே ஒப்புக்கொண்டு படகை இருமுறை முழுச் சுழற்சியாகச் சுற்றித் தண்டனையை ஏற்க வேண்டும் என்பதுதான் உலகெங்கும் நடைமுறை. ஒப்புக்கொள்ளாதவர் மேல் மற்றவர் முறையிட்டால், கரைக்கு வந்த பிறகு விசாரணை நடக்கும். எல்லா அசைவும் பதிவாகி, எண்ணப்பட்டு, தரவரிசையிடப்படும் வேலைச்சூழலிலிருந்து வருபவருக்கு, சொந்தச் சொல்லை நம்பி நடக்கும் இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிய மாற்றம் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். எளிய படகு வைத்திருப்பவரும் வெல்ல வழி இருக்கிறது. பல ஊர்களில் ஒவ்வொரு வகைப் படகுக்கும் கடல் மைலுக்கு இத்தனை நொடி என்று சலுகை குறிக்கப்பட்டிருக்கும். இரு படகுகளின் சலுகை 30 நொடி வேறுபட்டால், 4 கடல் மைல் போட்டியில் வேகமான படகு இரண்டு நிமிடத்துக்கும் மேலாக முந்தினால்தான் வெற்றி. படகின் அதிகபட்ச வேகமே நீர்மட்ட நீளத்தைப் பொறுத்தது. தான் எழுப்பும் அலைக்குள் படகே மாட்டிக்கொள்வதால், நீர்மட்டத்தில் 7 மீட்டர் நீளமுள்ள கனத்த படகு மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. மிதிவண்டியின் வேகம்தான். அந்த வேகத்தில் இவ்வளவு பரபரப்பு அடங்கியிருக்கிறது.

ஒரே கணத்தில் பல உடல்கள் சேர்ந்து அசைவதற்கும் தனிப் பலன் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் எம்மா கோஹனும் ராபின் டன்பாரும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட சிறு ஆய்வில், பல்கலைக்கழகத் துடுப்பு வீரர்கள் பயிற்சிப் பொறியில் தனியாகத் துடுப்பிட்ட நாளைவிட, சேர்ந்து இசைவாகத் துடுப்பிட்ட நாளில் வலியை அதிகம் தாங்கினார்கள். உழைப்பின் அளவு இரண்டு நாளும் ஒன்றுதான். உடல் சுரக்கும் எண்டார்ஃபின்கள் கூடியதன் அடையாளமாக அவர்கள் அதைக் கொண்டார்கள். பாய் மாற்றும் நொடியில் ஒருவர் கயிற்றை விட, மறுபக்கம் ஒருவர் இழுக்க, நால்வர் பெரும்பாயின் அடிமரத்துக்குக் கீழே குனிந்து மறுவிளிம்புக்குத் தாவுவது துடுப்பிடுவது போல ஒரே தாளத்தில் நடப்பதில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் அரை நொடி பிந்தினால் அத்தனை பேருக்கும் தெரிகிறது. படகுக்குள் இருப்பவர்களிடம் ஒரு பருவத்துக்குள் உருவாகும் நெருக்கம், ஒரே தளத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்களிடம் உருவாகாமலும் போகலாம்.

வார நாளில் ஏன்? சனிக்கிழமை வரை காத்திருக்கலாமே, ஆண்டுக்கொரு முறை நீண்ட விடுமுறை எடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூமும் சக ஆய்வாளர்களும் விடுமுறையின் பலனைத் தொடர்ந்து அளந்தார்கள். விடுமுறையில் உடலும் மனமும் தேறுவது உண்மை. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே அந்தத் தேர்ச்சி பெரும்பாலும் கரைந்துவிடுவதும் உண்மை. அப்படியென்றால் மீட்சி சிறு அளவில், அடிக்கடி கிடைப்பதே நடைமுறைக்கு உகந்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவுகளை எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் மேத்யூ வைட்டும் சக ஆய்வாளர்களும் 2019இல் அலசியபோது, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் நல்ல உடல்நலத்தையும் மனநிறைவையும் கூடுதலாகத் தெரிவித்தார்கள். ஒரே தடவையில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடில்லை. நலமாக இருப்பவர்களே வெளியே அதிகம் போகிறார்கள் என்றும் இதை வாசிக்கலாம், அந்த எச்சரிக்கை தேவை. எப்படியாயினும் படகுத்துறையிலிருந்து கிளம்பி, போட்டி முடித்துத் திரும்ப ஒரு மாலைக்கு ஆகும் நேரம் அந்த 120 நிமிடத்தை எளிதாகத் தாண்டிவிடுகிறது.

மாலை நேரத்துக்கு அதற்கேயுரிய இயற்பியலும் இருக்கிறது. பகலில் வெயிலால் சூடான தரை காற்றைக் கிளறி, உயரத்தில் வேகமாக ஓடும் காற்றைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். கதிரவன் சாயச் சாயக் கலக்கம் அடங்கி, தரையோரக் காற்று மேற்காற்றிலிருந்து துண்டிக்கப்படும். முதல் சுற்றில் நன்றாக வீசிய காற்று இரண்டாம் சுற்றில் ஓய்வது இதனால்தான். அப்போது யாரும் அசையக் கூடாது, பேச்சும் தாழும், இருக்கிற சிறு காற்றையும் பாய் இழந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே போட்டியாகிவிடும். சியாட்டில் 47 பாகை வடக்கில் இருப்பதால் ஜூன் கடைசியில் இரவு 9 மணி தாண்டித்தான் பொழுது சாய்கிறது. செப்டம்பர் பிற்பகுதியில் 7 மணிக்கெல்லாம் சாய்ந்துவிடும். டக் டாட்ஜின் காலம் கோடையோடு முடிவதை வானமே விதித்திருக்கிறது.

படகில் கைபேசி இல்லையா? இருக்கிறது, பெரும்பாலும் நீர் புகாத பைக்குள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டும் சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசி ஒலியடக்கி மேசைமேல் கிடந்தாலே சிந்தனைத் திறன் சற்றுக் குறைவதாகவும், வேறு அறையில் வைத்தவர்கள் நன்றாகச் செய்ததாகவும் கண்டார்கள். பின்னர் அதைத் திரும்பச் செய்துபார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, ஆகவே அதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. படகில் கைபேசியை விலக்கிவைப்பது இன்னும் எளிய காரணம்: இரண்டு கையும் ஈரம், இரண்டு கையிலும் கயிறு. செயற்கைக்கோள் வழிகாட்டியும் எண்முறைக் காற்றுமானியும் பொருத்திய படகுகள் இங்கேயும் உண்டு. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் போட்டியில், 72 அடிப் படகுகள் உணரிகளும் கணினிகளும் சூழ நீருக்கு மேலே பறந்தே ஓடின. அதைக் கண்டு வியக்கலாம். செவ்வாய்க்கிழமை மாலைக்கு அது தேவையில்லை. திரையில் ஓடும் எண்ணைப் பார்க்கத் தொடங்கியவர், நீரில் வரும் கருந்திட்டைத் தவறவிடுகிறார்.

சொன்னென்டாக் தன் பிந்தைய ஆய்வுகளில் ஒரு முரணைச் சுட்டினார். வேலை மிகவும் நெருக்கும் நாளில்தான் மீட்சி அதிகம் தேவை, அன்றுதான் மனிதர்கள் அதைத் தேடிப் போவதில்லை. களைத்தவருக்கு உடற்பயிற்சிக்கோ நண்பரைப் பார்க்கவோ கிளம்பும் தெம்பு இருப்பதில்லை, அதனால் மறுநாள் இன்னும் களைப்பு. படகுக் குழு இந்த முடிச்சை அவிழ்ப்பது மனஉறுதியால் அல்ல. ஐந்து பேர் வேண்டிய படகில் ஒருவர் வராவிட்டால் முன்பாயைப் பிடிக்க ஆளில்லை, மற்ற நால்வரும் துறையில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருவதா வேண்டாமா என்று களைத்த மூளை முடிவெடுக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

சொந்தப் படகு தேவை என்ற தயக்கமும் பலரைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறது. படகு வைத்திருப்பது செலவுள்ள காரியம், துறை வாடகையிலிருந்து பாய்த்துணி வரை. ஆனால் எந்த ஊரிலும் படகுகளைவிடக் குழுவினருக்கே தட்டுப்பாடு. லேக் யூனியனின் தென்கரையில், அமேசான் அலுவலகங்களிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், சென்டர் ஃபார் வுடன் போட்ஸ் என்ற அமைப்பு பழைய மரப்படகுகளைப் பாதுகாத்து, பொதுமக்களை அவற்றில் ஏற்றிப் பாய் விரித்துக் காட்டுகிறது. அங்கே முதல் முறை தாமானைத் தொட்டவர், அடுத்த மாதம் யாரோ ஒருவருடைய படகில் ஆள் குறைகிறது என்று கேள்விப்பட்டுப் போய் நிற்பார். முதல் மாலையில் அவருக்குத் தரப்படும் வேலை இரண்டுதான்: சொல்லும்போது காற்றுப் பக்கத்துக்கு ஏறி உட்கார வேண்டும், பாய் மாறும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கருந்திட்டு வருவதை முன்கூட்டியே சொல்லப் பழகிவிடுவார். பருவம் பாதி கடப்பதற்குள் முன்பாயின் கயிற்றை அவரிடம் கொடுத்துவிடுவார்கள்.